வலக்கன்னத்து மச்சம்

அகிலாண்டம் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாலக்கரை முழுக்கத் தெரிந்த இந்தச் செய்தியை அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. காலை ரயிலில் ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஒரு துணிப்பையும் அதற்குள் ஒரு செல்லுலாய்டு பொம்மையுமாக அவள் புகுந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். மலையடிவாரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் இரண்டரை வருஷம் கிடந்து, இடுப்பெல்லாம் ஊசி குத்திப் புண்ணாகிப் பிழைத்தவள். நெஞ்சு சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். குச்சியாகப் போனவள் ஆஸ்பத்திரிப் பாலும் முட்டையும் சாப்பிட்டுச் சதை போட்டிருந்தாள். தெருமுனைப் பூக்காரி அடையாளம் தெரியாமல், "முழம் வேணுமாம்மா?" என்றாள். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். புருஷன் வீட்டுக்கு வெறுந்தலையோடு போகக் கூடாதல்லவா!

கதவு திறந்திருந்தது, உள்ளே போனாள். கூடத்தில் சாம்பிராணிப் புகை. சுவரோரம் கோலம் போட்டுத் தலைவாழை இலை விரித்திருந்தது. இலையில் சோறும் பாயசமும் வடையும். பக்கத்துத் தட்டில் மடிப்புக் கலையாத புதுப்புடவை, மஞ்சள், வளையல். அதற்கு மேலே சுவரில் பெரிய கண்ணாடிப் படம் ஒன்று. பச்சைத் திரை கட்டிய மண்டபத்துக்குள் பட்டு உடுத்தி, தங்க ரேக்குத் தகட்டில் நகை பூட்டி, கையில் பூவோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் எழுதிய படமாதலால் நிறமெல்லாம் ஈரம் காயாததுபோல் மின்னியது. ஏதோ அம்மன் என்று நினைத்து அகிலாண்டம் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அது அவள் முகம்.

புருஷனுக்கு முன்னால் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். வீட்டுக்கு அவள்தான் காவல். அவளுக்குப் படைக்காமல் வீட்டில் ஒரு நல்லது நடக்காது. உயிரோடு இருந்த அகிலாண்டத்துக்கு இரண்டாம் தடவை சோறு போட மனசு வராத மாமியார் ரெங்கம்மாள், செத்துப்போன அகிலாண்டத்துக்கு இலை நிறையப் படைத்திருந்தாள். செத்தவள் எதிர்த்துப் பேசமாட்டாள் பாருங்கள், அதனால் மரியாதைக்குக் குறைவே இல்லை.

ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து சூடத்தட்டோடு வந்தாள். கூடத்தில் நின்றவளைப் பார்த்தாள். தட்டு கையிலிருந்து விழவில்லை. அதை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, நேராகப் போய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டியா?"

அகிலாண்டம் படத்தைக் காட்டினாள். "அத்தை, இது என்னது?"

"பாத்தா தெரியல? நீதான்."

நடந்தது இதுதான். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் மாதம், மூன்று மாதம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. தாங்க மாட்டாள் என்று ஆன பிறகு எதற்குக் காத்திருப்பது? ரெங்கம்மாள் அன்றைக்கே தலைமுழுகினாள். லால்குடியிலிருந்த அகிலாண்டத்தின் அப்பாவுக்கு, உங்கள் மகள் போய்விட்டாள், தொத்து வியாதி என்பதால் அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று ஆள் அனுப்பினாள். அந்த மனுஷர் அதே ஏக்கத்தில் அடுத்த தை மாதம் போய்ச் சேர்ந்தார். பெண்டாட்டி செத்த கடிதம் எங்கே என்று அவள் புருஷன் மாத்ருபூதம் தன் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால்தானே உண்மை தெரிந்து தொலைக்கும்! பிழைத்து எழுந்த பிறகு அகிலாண்டம் நர்ஸை விட்டு எழுதச் சொன்ன கடிதங்கள் எல்லாம் கிருமி என்று வெந்நீர் அடுப்புக்குள் போயின. மலைக்கோட்டைச் சாமிக்கு மாத்ருபூதம் என்றும் பெயர், அம்மன் மட்டுவார்குழலி. அதே மட்டுவார்குழலி என்ற பெயரில் ஒரு பெண் கிடைத்ததும், பெயர்ப் பொருத்தமே போதும் என்று ரெங்கம்மாள் கல்யாணத்தை முடித்துவிட்டாள்.

அந்த மட்டுவார்குழலி ஏழு மாத வயிற்றோடு தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட படம் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றால் யார்தான் நடுங்கமாட்டார்கள்?

அகிலாண்டத்துக்கு இவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. மட்டுவார்குழலியின் புடவைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. ஒன்றரை வயசில், பால்குடி மறக்காத குழந்தையாக விட்டுப்போன செண்பகம். இப்போது நாலு வயசு. இந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துத்தான் அவள் அத்தனை ஊசியையும் குத்திக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் ஒவ்வொருவராகத் துணி மூடிப் போனபோது, நான் மட்டும் போகமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மண்டியிட்டுப் பொம்மையை நீட்டினாள். "செண்பகம், நான்தான்டா கண்ணு உன் அம்மா."

குழந்தை பொம்மையை வாங்கிக்கொண்டது. நேராகக் கொண்டுபோய்ப் படத்துக்கு முன்னால் வைத்தது. புதுசாக எது வந்தாலும் முதலில் அம்மாவுக்கு வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் அதற்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

"அம்மா கண்ணாடிக்குள்ள இருக்காங்க" என்றது. "நீங்க யாரு?"

"அந்தப் படத்துல இருக்கறது நான்தான்டா. மூஞ்சியப் பாரு."

செண்பகம் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். படத்தின் கீழிருந்த முக்காலியில் ஏறி, கன்னத்தில் கடுகு பருமன் இருந்த மச்சத்தைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாப்பிடுமுன் ஒரு தடவை, தூங்குமுன் ஒரு தடவை அவள் செய்கிற காரியம் அது. பிறகு இறங்கி வந்து, அதே விரலால், அதே பக்கத்தில் அகிலாண்டத்தின் கன்னத்தைத் தொட்டாள். அங்கே ஒன்றும் இல்லை. அகிலாண்டத்துக்கு மச்சம் வலது கன்னத்தில். படத்தில் இருந்தவளுக்கு இடது கன்னத்தில்.

"உங்களுக்கு மாத்தி இருக்கு" என்றது குழந்தை. "நீங்க அம்மா இல்ல."

ரெங்கம்மாள் அதுவரைக்கும் அந்த மச்சத்தைக் கவனித்ததே இல்லை. ஆனால் கையில் கிடைத்ததை விடுகிற ஆளா அவள்?

"கேட்டுக்கிட்டியா? புள்ள வாயில பொய் வராது."

"போலீஸுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா அத்தை? இப்ப சட்டம் இருக்கு. முதல் பொண்டாட்டி உசுரோட இருக்க இன்னொண்ணு கட்ட முடியாது."

"போயேன். என் மவன் ஜெயிலுக்குப் போவான், இந்தப் பொண்ணு வயித்துப் புள்ளையோட தெருவுல நிப்பா. எங்க அப்பாவ ஜெயில்ல போட்டவ வந்திருக்கான்னு செண்பகம் உன் மடியில வந்து உக்காந்துக்குமா?" ரெங்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரு. அடுத்த வெள்ளி சாயங்காலம் விளக்கு வைக்கற வரைக்கும் டயம் தரேன். தினம் மத்தியானம் வா, புள்ளையோட இரு. இது தானா உன்னை அம்மான்னு கூப்பிட்டுச்சுன்னா, நானே தெருவுல நின்னு என் மருமக பொழச்சு வந்துட்டான்னு சொல்றேன். இல்லைன்னா செத்தவ செத்தவளாவே இருந்துக்க. நடுவுல யார்கிட்டயாவது நீ யாருன்னு வாயத் தொறந்தே, அன்னிக்கே புள்ளைய சேலத்துல என் தங்கச்சி வீட்டுக்கு ஏத்திவிட்டுருவேன்."

தோற்கிற பந்தயத்தை ரெங்கம்மாள் வாழ்நாளில் கட்டியதில்லை. அது அகிலாண்டத்துக்கும் தெரியும். தெரிந்தும் தலையாட்டினாள். பெற்ற வயிறு என்ன செய்யும்?

புருஷனையும் அன்றைக்குப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெற்றிலை மண்டியிலிருந்து வந்த மாத்ருபூதம், கூடத்தில் அவளைக் கண்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். தரையைப் பார்த்தான். "உடம்பு தேவலையா?" என்றான். "தேவலை" என்றாள். "சரி" என்று சொல்லிவிட்டு, மண்டியில் லோடு இறங்குது என்று அப்படியே திரும்பிப் போய்விட்டான். எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அந்த ஒரு கேள்விதான் மிச்சம்.

வாசல்வரை வந்த மட்டுவார்குழலிதான், மாமியார் காதில் விழாமல் சொன்னாள்: "அக்கா, அந்தப் படம் ஸ்ரீரங்கத்துல அழகிரின்னு ஒருத்தர் எழுதினது. மச்சம் எப்படி மாறிச்சுன்னு அவரைக் கேளுங்க." சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்து பிழைத்த சகாயம்மாள் மேலப்புதூரில் இருந்தாள். அவள் வீட்டில் ஒரு பாய் கிடைத்தது. சனியிலிருந்து புதன் வரை ஐந்து நாளும் அகிலாண்டம் மத்தியானத்தில் போனாள். கதை சொன்னாள், சோறு ஊட்டப் பார்த்தாள். குழந்தை ஒட்டாமலில்லை, "லால்குடிப் பெரியம்மா" என்று ரெங்கம்மாள் சொல்லிக் கொடுத்த பெயரால் அழகாகக் கூப்பிட்டது. சோற்றை வாங்கிக்கொள்ளுமுன் ஓடிப்போய் மச்சத்தைத் தொட்டுவிட்டு வந்தது. ஒரு தரம், "எங்க அம்மா ரொம்ப அழகு, உங்கள மாதிரி குண்டு இல்ல" என்றும் சொன்னது.

வியாழக்கிழமை காலையில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

அடையவளஞ்சான் வீதியில் அழகிரியின் வீட்டு முன்கூடமே பட்டறை. சுவரெல்லாம் படங்கள். பலாப்பலகையில் துணி ஒட்டிச் சுண்ணாம்பு மேடு கட்டித் தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர்ப் படங்கள் ஒரு பக்கம். தேருக்கு எழுதிய துணிச்சீலை ஒன்று உருட்டி மூலையில். ஜன்னலோரம் வரிசையாகக் கண்ணாடிப் படங்கள். ஐம்பது வயசுக்காரர், வெற்றிலைச் சிவப்பு வாய், அணில் வால் மயிரில் கட்டிய தூரிகை காதில் செருகியிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டில் வெறும் இரண்டு கண்கள் மட்டும் எழுதி வைத்திருந்தார். முகம் இன்னும் வரவில்லை.

நிமிர்ந்து அகிலாண்டத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவே இல்லை. எழுதினவன் கண்ணுக்குச் சதை போட்டாலும் முகம் தெரியாமல் போகுமா? தூரிகை காதிலிருந்து விழுந்தது.

"பாலக்கரை ரெங்கம்மா வீட்டுப் பூவாடைக்காரி" என்றார் மெல்ல. "உசுரோட இருக்கறவளுக்கா நான் படம் எழுதினேன்?"

"உசுரோடதான் இருக்கேன் ஐயா. மச்சத்தைத்தான் மாத்தி வெச்சுட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. "யாரு, நானா? முப்பது வருஷக் கை இது."

எழுந்துபோய்ப் பழைய காகிதக் கட்டைப் பிரித்தார். கல்யாண போட்டோவைப் பார்த்துக் கோடு எடுத்த எண்ணெய்க் காகிதம் கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தைப் பின்பக்கமாகத் திருப்பினார்.

"திருப்பிப் போடல" என்றார் கடைசியில்.

"புரியல ஐயா."

"பலகைப் படத்துல கண்ணு கடைசியில. தப்பு வந்தா மேல பூசிட்டு மறுபடி எழுதலாம். கண்ணாடி அப்படியே தலைகீழ். பின்பக்கம் எழுதறோம், முன்பக்கம் பாக்கறாங்க. அதனால கண்ணு, பொட்டு, மச்சமெல்லாம் முதல்ல வெக்கணும். அப்புறம் அதும்மேல தோல் நிறம், அப்புறம் புடவை, கடைசியில திரை. எடுத்த காகிதத்தைத் திருப்பிப் போட்டுத்தான் அதும்மேல கண்ணாடியை வெக்கணும். இல்லைன்னா இடம் வலமாயிடும். உன் மாமியா ஆடிக்குள்ள வேணும்னு அவசரப்படுத்திச்சு. திருப்ப மறந்திருக்கேன்."

"முந்தானை சரியாத்தானே இருக்கு? பூ வெச்சிருக்கற கையும் சரியாத்தான் இருக்கு."

அழகிரி வறட்டுச் சிரிப்புச் சிரித்தார். "அதெல்லாம் காகிதத்தைப் பாத்தா எழுதறேன்? கிருஷ்ணனுக்கு எந்தக் கையில வெண்ணெய், லட்சுமிக்கு எந்தத் தோள்ல முந்தானை, தூக்கத்துல எழுதினாலும் இந்தக் கை மாறாது. ஆனா சாமிங்களுக்கு மச்சம் கிடையாதும்மா. நான் எழுதின மொத மச்சம் உன்னுதுதான். அதை மட்டும்தான் காகிதத்தைப் பாத்து வெச்சேன்."

ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதுல பாரு. இதுக்குள்ள தெரியற உன் மூஞ்சிதான் நான் எழுதின மூஞ்சி." அகிலாண்டம் பார்த்தாள். கண்ணாடியில் மச்சம் படத்தில் இருந்த அதே பக்கத்தில்தான் இருந்தது.

"சரிபண்ணித் தாங்க ஐயா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முதல்ல வெச்ச புள்ளிம்மா அது. அதை எடுக்கணும்னா பின்னாலேருந்து திரை, தோலு எல்லாத்தையும் சுரண்டி மூஞ்சியவே அழிக்கணும். பூஜையில இருக்கற முகத்துல நான் கத்தி வெக்க மாட்டேன்."

"அப்ப வந்து சொல்லவாச்சும் செய்வீங்களா? எழுதினவர் சொன்னா என் புள்ள நம்பும். எனக்கு அந்த வீடு வேணாம், அவரும் வேணாம். அது ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிட்டாப் போதும்." அவள் அவர் காலைத் தொடக் குனிந்தாள்.

அழகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்திரிம்மா. தப்பு என்னுது. நாளைக்கு மூணு மணிக்கு வரேன், சொல்றேன். இது ரங்கநாதன் மேல சத்தியம்."

அன்றைக்குக் காவிரிப் பாலத்தைப் பஸ் தாண்டும்போது அகிலாண்டம் ஆற்றைப் பார்த்துச் சிரித்தாள். ஆடி மாதத்துப் புதுவெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்து எழுந்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அழகிரி வந்தார். சொன்ன சொல் தவறாதவர்தான். ஆனால் கூடத்தில் அவருக்கு முன்னாலேயே மூன்று பெண்கள் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். வரகனேரியிலிருந்து இரண்டு பேர், தென்னூரிலிருந்து ஒருத்தி. மூன்றும் பெரிய வீடு. இந்தப் படத்தின் பெருமையைக் கேள்விப்பட்டு, தங்கள் வீட்டுப் பூவாடைக்காரிக்கும் இதே மாதிரி ஒன்று எழுதச் சொல்ல வந்தவர்கள். அழகிரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த விஷயத்தை அகிலாண்டம் வெள்ளை மனசோடு காலையிலேயே ரெங்கம்மாளிடம் சொல்லியிருந்தாள். பூனையிடம் போய்ப் பாலைக் காட்டிய கதை. மத்தியானத்துக்குள் மூன்று வீட்டுக்கும் ஆள் போய்விட்டது.

ரெங்கம்மாள் அழகிரிக்கு மணையைப் போட்டாள். காப்பி கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"இது எங்க அகிலாண்டத்துக்குப் பெரியப்பா மக, லால்குடி. சாயல் அப்படியே இருக்குல்ல? இது ஒரு வாரமா ஒத்தக் கால்ல நிக்குது, படத்துல மச்சம் பக்கம் மாறிக் கெடக்குன்னு. நீங்களே சொல்லிடுங்க அழகிரி. இடம் வலம் தெரியாமயா எங்க வீட்டு தெய்வத்தை எழுதிட்டீங்க?"

அகிலாண்டம் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் குழந்தை சேலத்துக்குப் போய்விடும். தன் சொந்த வீட்டில், தன் படத்துக்குக் கீழே, தனக்கே ஒன்றுவிட்ட அக்காவாக நின்றாள். செண்பகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழகிரியைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஒரு கல்லே இளகியிருக்கும்.

அழகிரி படத்தைப் பார்த்தார். மூன்று பட்டுப்புடவைகளையும் பார்த்தார். தென்னூர்க்காரி, "அய்யய்யோ, அப்படியெல்லாம் தப்பு வருமா?" என்று கவலையோடு கேட்டாள். அதுதான் அவரைத் தைத்துவிட்டது. ஏழையாக இருக்கச் சொல்லுங்கள், இருந்துவிடுவார். கை தவறியவன் என்று நாலு பேர் முன்னால் பெயரெடுக்கச் சொன்னால்?

"என் கையில இடம் வலம் மாறினதா ஸ்ரீரங்கத்துல ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்றார். குரல் கணீரென்று வந்தது. "போட்டோவுல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் எழுதியிருக்கேன். மச்சம் அந்தம்மாவுக்கு இடது கன்னத்துலதான்."

"ஐயா!" என்றாள் அகிலாண்டம்.

அழகிரி அவள் பக்கம் திரும்பவில்லை. குழந்தை அவள் கையை உதறிவிட்டுப் படத்துக்கடியில் ஓடி, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?" என்று குதித்தது. பெண்கள் சிரித்தார்கள். அளவு, சட்டம், எத்தனை நாளாகும் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. காப்பி டம்ளரை வைத்துவிட்டு அழகிரி புறப்பட்டபோது படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்தக் கும்பிடு யாருக்கு என்று அவருக்கே வெளிச்சம்.

எல்லாரும் போன பிறகு ரெங்கம்மாள் முற்றத்து வெயிலைப் பார்த்தாள். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. இருந்து என்ன பண்ணப் போறே?"

அகிலாண்டம் அழவில்லை. நேற்றுப் பட்டறையில் பார்த்த முகம் பார்க்கும் கண்ணாடி அவள் நினைவில் வந்து நின்றது. "போறேன் அத்தை. போறதுக்கு முன்னாடி புள்ளைக்கு ஒரு தடவை தலை வாரிவிட்டுட்டுப் போறேன்."

"வாரு, வாரு. போற வழிக்குப் புண்ணியம்."

உள்ளறையில் ஒரு பீரோ இருந்தது. மட்டுவார்குழலி சீராகக் கொண்டுவந்தது, கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. அகிலாண்டம் அதற்கு முன்னால் முக்காலியைப் போட்டுச் செண்பகத்தை உட்கார்த்தினாள். பின்னால் நின்று சீப்பை எடுத்தாள். சிக்கெடுத்தாள். இரட்டைப் பின்னல் போட்டாள். குழந்தை தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, நாக்கை நீட்டி விளையாடியது. பின்னலை முடித்து, தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளிக் குழந்தைக்கு வைத்துவிட்டு அகிலாண்டம் மெல்லச் சொன்னாள்:

"செண்பகம், கண்ணாடில பாரு. உன் பின்னாடி யாரு நிக்கறா?"

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். நாக்கு உள்ளே போயிற்று. கண்ணாடியில் தெரிவது அவரவர் உருவம்தான் என்று நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அம்மா கண்ணாடிக்குள் இருக்கிறாள் என்று வேளாவேளைக்குச் சொல்லி வளர்த்த பிள்ளை அது. பூ வைத்த அதே முகம். அதே கண். முக்காலியை விட்டு இறங்கிக் கிட்டே போய், பயந்து பயந்து விரலை நீட்டி, கண்ணாடிக்குள் தெரிந்த கன்னத்தைத் தொட்டாள். மச்சம் இருந்தது. இருக்க வேண்டிய பக்கத்திலேயே இருந்தது.

"அம்மா!" என்றாள்.

அகிலாண்டம் கண்ணாடிக்குள் இருந்த பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். இதற்காகத்தானே உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்! "சொல்லுடா கண்ணு. சொல்லு."

"ஏன்ம்மா இத்தனை நாளா பேசல? நான் தினம் கூப்பிட்டேனே?"

"இனிமே பேசறேன்டா. தினம் பேசறேன்."

வாசற்படியில் ரெங்கம்மாள் நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. அம்மா என்று பிள்ளை தானாகக் கூப்பிட்டுவிட்டது. அவள் காதாலேயே கேட்டாகிவிட்டது. கட்டிய பந்தயத்தில் வாழ்நாளில் முதல் தடவையாக அவள் தோற்றாள். அகிலாண்டம் அதைப் பார்த்தாள். பார்த்த சந்தோஷத்தில் நிதானம் போய்விட்டது. குனிந்து பின்னாலிருந்து குழந்தையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் இருக்கிறவள் எப்படிக் கட்டிக்கொள்வாள்? செண்பகம் திரும்பினாள். கன்னத்துக்குப் பக்கத்தில் கன்னம் இருந்தது. மச்சம் மாறி இருந்தது.

"நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?" என்று வீறிட்டாள். "அம்மாவ மறைக்காதீங்க! தள்ளுங்க! தள்ளுங்க!" இரண்டு கையாலும் நெஞ்சில் குத்தித் தள்ளினாள். ஊசி போட்டு ஆற்றிய நெஞ்சு அது. அகிலாண்டம் பின்னால் சாய்ந்து சுவரோரம் விழுந்தாள்.

குழந்தை அவசரமாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. அங்கே அது மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது, இரட்டைப் பின்னலும் பூவுமாக.

"அம்மா போயிட்டாங்க! அப்பாயி, இவங்க அம்மாவத் துரத்திட்டாங்க!"

அகிலாண்டம் தரையில் கையூன்றி எழப் பார்த்தாள். எழுந்துபோய்ப் பின்னால் நின்றால் போதும், பிள்ளை மறுபடி சிரிக்கும். அது திரும்பிப் பார்க்காதவரைக்கும் அவள் அம்மாவாக இருக்கலாம். ஆனால் ரெங்கம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். வெளுத்த முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"கூப்பிட்டுச்சு, இல்லேங்கல" என்றாள். "உன்னை இல்ல."

கூடத்தில் மட்டுவார்குழலி விளக்கேற்றிவிட்டுப் படத்தைப் பார்க்காமல் குனிந்து நின்றாள். ரெங்கம்மாள் துணிப்பையை எடுத்துக் கையில் கொடுத்து, தெருக்கதவைத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, "யாரது?" என்று கேட்டாள்.

"செத்துப்போன மருமகளோட சொந்தம். படையல் பாக்க வந்துச்சு" என்றாள் ரெங்கம்மாள்.

அகிலாண்டம் இல்லை என்று சொல்லவில்லை. படியிறங்கித் தெருவில் நடந்தாள். அவள் முனை திரும்புகிற வரைக்கும் உள்ளறையில் செண்பகம் பீரோக் கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டித் தட்டி, "அம்மா, வாங்கம்மா, அவங்க போயிட்டாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது கேட்டது.